நாலாவது போல்ட்

அடுக்களைத் தட்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்க ஆரம்பித்தால் முருகதாசுக்குத் தெரிந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிவபிரசாத் பாட்டுப் போட்டுவிட்டார்.

பாட்டு இந்தப் பக்கம் வராது. பாடுகிறவர் குரல், குழல், வயலின் எல்லாம் சுவரோடு நின்றுவிடும். பாஸ் என்கிற அடித்தாளம் மட்டும் வரும். சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தால் தலைமாட்டு வழியாக இறங்கி, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் தட்டிக்கொண்டு போகும். தேங்காய்ச் சாக்கைத் தரையில் இறக்கியதுபோலக் கனமாக இருக்கும். ஆனால் காதை உறுத்தாது. அதுதான் முருகதாசுக்குப் பொறுக்கவில்லை. கரகரவென்று கேட்டிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

ஆனி மாதம். புதுக்கடைப் பக்கம் மழை விட்டபாடில்லை. முருகதாசுக்கு பிளைவுட்டில் கபோர்டு செய்கிற வேலை. ஈரக் காற்றில் மைக்கா ஒட்டினால் பசை பிடிக்காது என்பதால் வீட்டில்தான் கிடந்தான். மனைவி பிந்து தரையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சாளைக் கறி கொதித்தது.

"நல்லா இரிக்கு, கொள்ளாம்லா?" என்றாள் பிந்து, தலையைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டே.

"என்ன கொள்ளாம்? கெல்ஃபுல இருந்து வந்தவனுக்க பவுசு. ஊருக்கெல்லாம் கேக்கணும்ணு வைக்குதான்."

"ஊருக்கு எங்க கேக்குது? நமக்குத்தானே கேக்குது."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். நமக்குக் கேக்கணும்ணே வைக்குதான்."

"அப்ப காதைப் பொத்திக்கிட்டுக் கிடங்க."

"காதைப் பொத்துனா மட்டும் நிக்குமா? அது முதுகு வழியால்லா வருது!" என்று எழுந்து உட்கார்ந்தவன், "ஆதிரா எங்க?" என்று கேட்டான்.

"எங்க போவா? அங்கணதான்."

பாட்டு முடிந்த இடைவெளியில் அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக மகளின் சிரிப்பு லேசாகக் கேட்டது. முருகதாஸ் மறுபடி படுத்துவிட்டான்.

அப்பா செத்த பிறகு ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். நீளமான ஹாலின் குறுக்கே நாலு இஞ்ச் செங்கல் சுவர் ஒன்று எழும்பியது. பலாமரம் அண்ணன் பக்கம் போனது. கிணறு தம்பி பக்கம் வந்தது. பலாமரம் இல்லாததால் பலாப்பழமே பிடிக்காது என்று முருகதாஸ் சொல்ல ஆரம்பித்தான். கல்யாணம், சாவு வீடு தவிர அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. சிவபிரசாத் ஷார்ஜாவில் ஏதோ கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருக்கும் மனைவி அன்னக்கிளிக்கும் பிள்ளை இல்லை.

முருகதாசுக்கு ஒரே மகள். ஆதிரா மார்த்தாண்டத்தில் கல்லூரிக்குப் போகிறாள். சாயந்திரம் பஸ் இறங்கி வந்து பையைக் கட்டிலில் எறிந்தால், ஒரு சாயாகூடக் குடிக்காமல் பெரியப்பா வீட்டுக்கு ஓடிவிடுவாள். என்னடீ அங்கே என்று கேட்டால், "அங்க நல்லா கேக்கும்ப்பா" என்பாள்.

"அவனுக்குச் சத்தம் இருந்தா இரிக்கட்டும் பிந்து. எனக்க பிள்ளைக்க சிரிப்பு எதுக்கு அந்தப் பக்கம் இருந்து கேக்கணும்?"

"நீங்களும் ஒண்ணு வாங்கி வைங்க. இஞ்ச இரிப்பா," என்றாள் பிந்து. கிழங்கைப் பார்த்துக்கொண்டு சொன்ன பேச்சு அது. முருகதாஸ் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டான்.

*

புதுக்கடை ஜங்ஷனில் ஜான்ரோஸின் கடை. காருக்கும் வேனுக்கும் சவுண்ட் செட் மாட்டுகிற இடம். மழைக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். முருகதாஸ் குனிந்து உள்ளே போனான்.

"வாருங்க தாசண்ணே. என்ன காரியம்?"

"பாஸ் அடிக்க சப்வூஃபர் வேணும்டே. அடுத்த வீட்டுல எட்டு இஞ்ச். எனக்குப் பன்னெண்டு."

ஜான்ரோஸ் சாயா கிளாசைக் கீழே வைத்தான். "அடுத்த வீட்டை விடுங்க. உங்களுக்க ரூம் எவ்வளவு பெரிசு? எங்க இருந்து கேப்பிய?"

"எனக்க வீட்டுல இருந்துதான்."

"ஆ, அது மனசிலாச்சு. வீட்டுல எங்கண?"

"நடு ஹால்ல நாற்காலி போட்டு. வீட்டுக்காரன் பின்ன மூலையிலயா இரிப்பான்?"

ஜான்ரோஸ் ஒரு ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்தான். கறுத்த கூம்பு, சுற்றிலும் தடித்த ரப்பர் விளிம்பு. "இது பன்னெண்டு. ஆனா அண்ணே, இதை மட்டும் வாங்கிட்டுப் போனா இது வெறும் தொண்டை. நெஞ்சு பெட்டிதான். மூடுன பெட்டி செய்தா அடி சுத்தமா வரும், சட்டுனு நிக்கும். குழல் வச்ச பெட்டி செய்தா மூச்சு விட்டு முழங்கும், ஆனா இடம் நிறைய வேணும். குழலுக்க நீளம் தப்பினா எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி கேக்கும்."

"எது சுவரைத் தாண்டும்?"

"நீங்க பாட்டுக் கேக்கப் போறியளா, சண்டைக்குப் போறியளா?"

"நீ குழல் வச்சதுக்கே அளவு சொல்லு. பலகை வேலை நான் பாத்துக்கிடுதேன்."

அளவு சொன்னான். ஆம்ப்ளிஃபையர் பேச்சு வந்தபோது முருகதாஸ் அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினான். "இதுல ரெண்டாயிரம் வாட்ஸ்ணு போட்டிருக்குலா, இது போதும்."

"அதை நம்பாதிய. அது ஒரு கண்ணு இமைக்க நேரத்துக்கு உள்ள கணக்கு. விடாம எவ்வளவு குடுக்கும்ணுதான் பாக்கணும். கீழ ஆர்.எம்.எஸ்.ணு சின்னதா எழுதியிருக்கும், அதுதான் உண்மை. ஸ்பீக்கர் தாங்குததைவிட ஆம்ப் ஒரு பிடி கூடுதலா இருந்தா நல்லது. சின்ன ஆம்பை வாங்கி முறுக்கோ முறுக்குண்ணு முறுக்குனாத்தான் ஸ்பீக்கர் பொசுங்கும்."

"பெரிசுல்லா பொசுக்கும்?"

"இல்லண்ணே. பெரிய தொண்டைக்காரன் சாதாரணமா பேசினாலே கேக்கும். சின்னத் தொண்டைக்காரன் கத்துவான். கத்தி கத்தித்தான் ரெண்டு பேருக்கும் கேடு."

முருகதாசுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அண்ணனைச் சொன்னதுபோல இருந்தது.

"பின்ன ஒரு காரியம்," என்றான் ஜான்ரோஸ். "பெட்டி அசையப்பிடாது. கனமா இரிக்கணும். எங்க வைக்கணும்ணு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்க இரிக்க நாற்காலியில பெட்டியை ஏத்தி வச்சுப் பாட்டைப் போடுங்க. பின்ன நீங்க முட்டுகுத்தி, பிள்ளைய தவழுத மாதிரி ரூமைச் சுத்தி ஊருங்க. எங்கண நல்லா கேக்குதோ, அங்கதான் பெட்டிக்க இடம்."

"நான் ஊரவா?"

"ஆமா. பெரிய பெரிய ஆளுவ எல்லாம் ஊருதாவ."

"நல்ல கதடே! எனக்க வீட்டுல நான் முட்டுகுத்தி ஊரணும். அவன் அந்தப் பக்கம் காலு மேல காலு போட்டு இரிப்பான்."

ஸ்பீக்கரை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மழையில் நனையாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனான். ஜான்ரோஸ் சொன்னதில் அவன் மனதில் தங்கியது ஒன்றுதான். பெட்டி அசையக் கூடாது.

*

பெட்டி செய்கிற வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. தடித்த பிளைவுட்டை எடுத்து மூலைக்கு மூலை மட்டம் பார்த்து அறுத்தான். விளிம்பெல்லாம் பசை தடவி, நெருக்கமாக ஸ்க்ரூ இறக்கினான். உள்ளே மூலைகளில் சிலிக்கான் பூசி, விளக்கைப் பெட்டிக்குள் வைத்து வெளியே எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று இருட்டு அறையில் பார்த்தான். ஊசி முனைக்குக்கூட வெளிச்சம் இல்லை. பிந்து ரெக்சின் துணியை இழுத்துப் பிடிக்க, சுருக்கம் விழாமல் ஒட்டினான்.

"இதுல சேலை அடுக்கி வைக்கலாம் போல இரிக்கே," என்றாள் பிந்து.

"ஏட்டி, இது அவனுக்க வாயை மூடுத பெட்டி."

பெட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்தான். எந்தச் சுவர் என்று யோசிக்கவே இல்லை. நடுச்சுவர்தான். பிறகு பழக்க தோஷத்தில் ஒரு காரியம் செய்தான். அவன் செய்த கபோர்டு எதுவும் இன்றுவரை சரிந்ததில்லை, ஆடியதில்லை. காரணம், ஒவ்வொன்றையும் சுவரில் துளை போட்டு ஆங்கர் போல்ட்டால் இறுக்கிவிடுவான். இதற்கும் எல் வடிவப் பட்டை வைத்து, நாலு போல்ட் போட்டு, ஸ்பேனரைத் தோள் வலிக்கத் திருகினான். கையால் தள்ளிப் பார்த்தான். பெட்டியும் சுவரும் ஒன்றாகிவிட்டிருந்தன.

சாயந்திரம் நடு ஹாலில் மூன்று நாற்காலி போட்டான். பிந்து ஏத்தங்காய் அப்பம் சுட்டாள். ஆதிரா தன் போனை ப்ளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டாள்.

குரல் வந்தது. வயலின் வந்தது. பாஸ் எங்கேயோ அடுத்த தெருவில் யாரோ நெல் குத்துவதுபோல வந்தது. முருகதாஸ் சத்தத்தைக் கூட்டினான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சுவரில் இருந்த பல்லி ஓடியது. நாற்காலியில் இருந்தவன் முதுகில் மட்டும் ஒன்றும் இறங்கவில்லை.

"எப்பிடி மக்களே?" என்று மகளைப் பார்த்தான்.

"கொள்ளாம்ப்பா."

பாவைக்காய்க் கூட்டுக்கும் அவள் இதே கொள்ளாம்தான் சொல்வாள். அப்பத்தைப் பாதி கடித்த மேனிக்கு எழுந்து, "பெரியப்பாகிட்ட ஒரு காரியம் இருக்கு. இப்ப வாறேன்," என்று மழைக்குக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

முருகதாஸ் மீதி அப்பத்தைத் தின்றான். அவனுக்கு எரிந்தது அப்பத்தின் சூட்டினால் இல்லை.

மறுநாளே ஆம்ப்ளிஃபையரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் பெரிதாக ஒன்று கொண்டுவந்தான். "ஊந்து பாத்தியளா?" என்று ஜான்ரோஸ் கேட்டபோது, "அதெல்லாம் பாத்தாச்சு" என்றான். அன்று முழுவதும் சத்தம் வைத்தான். அந்தப் பக்கம் அண்ணனும் கூட்டினார். இவன் மேலும் கூட்டினான். டம்ளர்கள் தட்டிலிருந்து குதித்தன. பிந்து அவற்றைப் பொறுக்கி வாளியில் போட்டுவிட்டு, "ரெண்டு கெழட்டு மாடுவ," என்றாள்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. அடங்கியது அடங்கியதுதான். முருகதாஸ் டீக்கடையில் இரண்டு ரசவடை கூடுதலாகத் தின்றான். "நம்ம செட்டு வச்ச பின்ன ஒருத்தன் வாயே தெறக்கல்ல," என்று சொல்லி, அனீஷ் என்கிற டீக்கடைக்காரன், "ஆரு?" என்று கேட்கும்வரை காத்திருந்தான்.

ஆனால் ஆதிரா போவது நிற்கவில்லை. இப்போது போனால் இருட்டித்தான் வந்தாள். சத்தம் இல்லாத வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? முன்பாவது சவுண்ட் செட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். இப்போது எதைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்று தெரியாமல் பொறாமைப்பட்டான்.

*

பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் அடுக்களைக் கபோர்டு மாட்டுகிற வேலை. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக் கரண்ட் போனதால் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பிவிட்டான். சாயந்திரம் சொட்டச் சொட்ட பைக்கை முற்றத்தில் நிறுத்தியபோது உள்ளே அவன் செட் பாடிக்கொண்டிருந்தது.

பிந்து அடுக்களையில் பயறு கழுவிக்கொண்டிருந்தாள். ஹாலில் ஆள் இல்லை.

"ஆரு போட்டது?"

"ஆரும் போடல்ல. அது தானா பாடும்."

"தானா பாடுமா?"

"டெய்லி பாடுது. நீங்க வர நேரம் ஆகும்போ தானா நின்னுரும். மொதல்ல எனக்கும் பயமா இருந்துது, இப்ப பழகிப் போச்சு."

"எங்கிட்டச் சொல்லாண்டாமா?"

"நீங்க எங்க எனக்க பேச்சுக் கேட்டிய? சத்தம்லா கேட்டிய."

முருகதாஸ் ஆம்ப்ளிஃபையரைக் குனிந்து பார்த்தான். நீல விளக்கு எரிந்தது. ப்ளூடூத். யாருடைய போன் என்று கேட்க வேண்டியதில்லை. நாலு இஞ்ச் சுவர் ப்ளூடூத்துக்கு ஒரு தடையே இல்லை. கரண்ட் அவனுடையது, பெட்டி அவனுடையது, ஆட்சி மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து.

தலையைத் துவட்டக்கூட இல்லை. அப்படியே இறங்கி, பலாமரத்தடியைக் கடந்து, வருஷக்கணக்கில் மிதிக்காத அண்ணன் வீட்டு நடையில் ஏறினான். கதவு திறந்து கிடந்தது. திட்டுவதற்கு வாய் திறந்தவன் அப்படியே நின்றான்.

அண்ணன், மதினி, மகள் மூன்று பேரும் தரையில் பாய் விரித்து, நடுச்சுவரில் முதுகை ஒட்டி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிவபிரசாத்தின் நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடுகிற வெள்ளை நாமம். கண் மூடியிருந்தது. குதிகால் தரையில் தாளம் போட்டது. ஆதிரா போன் திரையைப் பார்த்தபடி அவர் காதோடு வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூலையில் அண்ணனுடைய சின்னப் பெட்டி, முகம் கழற்றப்பட்டு, நடுவில் கருகிக் கிடந்தது.

"அப்பா! சத்தம் போடாதிய. நல்ல இடம் வருது," என்றாள் ஆதிரா.

சிவபிரசாத் கண் திறந்தார். ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "எலே தாசு! வா, இரி! சுவரோட சாய்ஞ்சு இரி! உனக்க சாதனம் ஒண்ணாந்தரம்லே!"

"தம்பி, ஈரத்தோட இரிக்காதிய," என்று அன்னக்கிளி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், முருகதாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

இறங்கியது. முதுகின் ஒவ்வொரு கணுவாகத் தட்டிக்கொண்டு, தேங்காய்ச் சாக்குபோலக் கனமாக, சத்தமே இல்லாத சத்தமாக இறங்கியது. கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் ஏங்கியது இதற்குத்தான். அவன் அறுத்த பலகை, அவன் இறுக்கிய போல்ட். அண்ணன் வீட்டுக்காகவே செய்துகொடுத்ததுபோல இருந்தது.

"அண்ணனுக்க செட்டுக்கு என்ன ஆச்சு?" என்று மதினியிடம் கேட்டான்.

"நீங்க கூட்டுனதும் இவரும் கூட்டுனாரு. சின்ன ஆம்புல்லா, ஒருநாளு புகை வந்துது."

முருகதாசின் உள்ளே ஒரு சின்னத் துள்ளல். அதை முகத்தில் காட்டாமல், "சரியாக்கக் குடுக்கல்லியா?" என்றான்.

அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சிவபிரசாத் பதில் சொன்னார். "எதுக்கு? இது அதைவிட நல்லா வருதே! கரண்ட் பில்லும் உனக்குத்தான்!" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். "இருவது வருஷம் கம்ப்ரஸர் ரூம்ல இருந்தேன்லே. காதுக்க மேல்பாதி அங்கயே போச்சு. பேச்சு, காதோட வாயை வச்சுச் சொன்னா விழும், இல்லேண்ணா வாயைப் பாத்துத்தான் மனசிலாவும். பாட்டுல வரி ஒண்ணும் விழாது. இந்த அடி மட்டும் முதுகுல விழும். மீதியை இவ காதுல சொல்லித் தருவா. டெய்லி வந்து சொல்லுவா."

முருகதாஸ் மகளைப் பார்த்தான். "இதை எங்கிட்டச் சொல்லப்பிடாதா?"

"சொன்னா, நடிக்கான்ணு சொல்லுவிய."

சொல்லியிருப்பான். அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான். பேச்சை மாற்றினான். "பின்ன நம்ம வீட்டுல எனக்கு ஏன் ஒண்ணும் கேக்கல்ல?"

"பெட்டி அங்கண இருந்தா நடு ஹால்ல பாஸ் அமுங்கிப் போவும்ப்பா. ஜான்ரோஸ் அண்ணன்கிட்ட கேட்டேன். ஊராம ஊந்ததாச் சொன்னியளாமே? போதாததுக்குச் சுவருல போல்ட் போட்டு வேற இறுக்கியாச்சு. சுவரே ஸ்பீக்கரா ஆயிப்போச்சு. அதைக் கழத்தி, அங்கண மேக்கு மூலையில தள்ளி வச்சா நம்ம வீட்டுல நல்லா கேக்கும்."

"தெரிஞ்சும் சொல்லல்லியா நீ?"

ஆதிரா போனைப் பார்த்தாள். பாட்டில் அடுத்த வரி வந்திருந்தது. பெரியப்பாவின் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் முருகதாஸ் ஸ்பேனரை எடுத்தான்.

"என்ன, கழத்தப் போறியளா?" என்றாள் பிந்து.

"எனக்க பெட்டி. எனக்க வீட்டுல கேக்கட்டும்."

"கழத்தினா பிள்ளை இஞ்ச வருவாளா?"

ஸ்பேனருக்கு வேலை இருந்தது. நாலு போல்ட்டையும் கழற்றினான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியை மூச்சுப்பிடித்து மேற்கு மூலைக்குத் தள்ளி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பாஸ் வந்தது. கனமாக, உருண்டையாக, நேராக நெஞ்சுக்கு வந்தது. முதல்முறையாக அவன் வீட்டில், அவன் நாற்காலியில், அவனுக்கு மட்டும். பிந்துகூட அடுக்களை வாசலுக்கு வந்து, "ஆ, இது கொள்ளாம்!" என்றாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காது கேளாதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரல் வந்தது.

"எலே தாசு! கரண்ட் போச்சாலே?"

முருகதாசின் பக்கம் பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அது நின்றுவிட்டது.

"தாசு! கரண்ட் எப்ப வரும்?"

பிந்து சுவரைக் கை காட்டினாள். "இப்ப வரும்!" என்று கத்தினான் முருகதாஸ். கத்தி என்ன, அவருக்குக் கேட்காது. எழுந்து போய் உள்ளங்கையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான். அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு தட்டு வந்தது.

பெட்டியைத் திரும்பத் தள்ளினான். ஒரு போல்ட் போட்டான், இறுக்கினான். இரண்டாவதை இறுக்கினான். மூன்றாவதையும் இறுக்கினான். நாலாவது கையில் இருந்தது. அதைச் சற்று நேரம் உருட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அது ஒண்ணு விட்டுப் போச்சே," என்றாள் பிந்து.

"முழுசும் அவனுக்கு எதுக்கு?"

பிறகு வாசல் கதவைச் சாத்தினான். வேட்டியை மடித்துக் கட்டினான். முட்டுகுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தன் பங்கு எங்கே விழுகிறது என்று தேடி ஹாலைச் சுற்றி ஊர ஆரம்பித்தான். பிந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

ஜன்னலடியில் இல்லை. கதவு மூலையில் கொஞ்சம் இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் நடுச்சுவருக்கே வந்து சேர்ந்து, முதுகைச் சாய்த்தபோது முழுசாக இருந்தது. நாலு இஞ்ச்சுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் முதுகு. இந்தப் பக்கம் இவன் முதுகு. ஒரே அடி இரண்டிலும் இறங்கியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அங்கே ஆதிரா இப்போது பாட்டின் வரியைக் காதில் சொல்லிக்கொண்டிருப்பாள். முருகதாஸ் திரும்பி, காதைச் சுவரில் அழுத்தி வைத்துப் பார்த்தான்.

அது வரவில்லை. குரல் எல்லாம் சுவரோடு நின்றுவிடும்.